உரும்சி 2009: எதுக்காக தெருவுக்கு வந்தாங்க?

கேள்வி:
சீனாவோட வடமேற்கு ஷின்ஜியாங் பகுதில இருக்கற உய்குர் முஸ்லிம் மக்கள் பத்தி படிச்சிட்டு இருக்கேன். அந்தப் பகுதியோட தலைநகர் உரும்சில 2009 ஜூலை 5 கலவரம்னு எல்லா இடத்துலயும் வருது, ஆனா அன்னைக்கு ஊர்வலம் போனவங்க என்ன கேட்டாங்கன்னு யாருமே தெளிவா சொல்லல. தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

பதில் 1:
ஆரம்பம் ஷின்ஜியாங்லயே இல்லங்க. ரொம்ப தூரத்துல குவாங்டாங் மாகாணம், ஷாவ்குவான்ல ஒரு பொம்மை ஃபேக்டரி, அங்க வேலைக்குப் போன உய்குர் ஆளுங்க ஹான் (சீனாவோட பெரும்பான்மை இனம்) பொண்ணுங்களைப் பலாத்காரம் பண்ணிட்டாங்கன்னு ஒரு பொய் வதந்தி பரவி, ஜூன் கடைசில ராத்திரி பெரிய அடிதடி ஆகி ரெண்டு உய்குர் தொழிலாளிங்க செத்துட்டாங்க. அதை ஒழுங்கா விசாரிங்கன்னுதான் உரும்சில கூடுனாங்க, சிலர் கையில சீனக் கொடியே இருந்துச்சு. சீனாவுல இருந்து பிரியக் கேட்ட போராட்டம்னு சொல்றவங்க இதை மட்டும் சொல்லவே மாட்டாங்க.

பதில் 2:
சரிதான், ஆனா அன்னைக்கு சாயங்காலம் அப்பாவி ஹான் மக்களையும் அடிச்சே கொன்னாங்க, அதை மறைக்கக் கூடாது. அரசு கணக்கு 197 சாவு, பெரும்பாலும் ஹான். ரெண்டு நாள் கழிச்சு ஹான் கூட்டம் கம்போட கிளம்புச்சு. அதே நாள் உய்குர் பொம்பளைங்க, புருஷனையும் புள்ளையையும் போலீஸ் புடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு வெளிநாட்டு நிருபர்கள் முன்னாடி கதறுனாங்க, ஒரு அம்மா ஊன்றுகோலோட போலீஸ் வரிசைக்கு முன்னாடி தனியா நின்னாங்க. அப்புறம் சுமார் 10 மாசம் ஷின்ஜியாங் முழுக்கவே இன்டர்நெட் கட்.

பதில் 3:
இல்ஹாம் தோத்தி பத்தியும் படிங்க. பெய்ஜிங்ல பொருளாதாரப் பேராசிரியரா இருந்த உய்குர், ஹானும் உய்குரும் உக்காந்து பேசணும்னு வெப்சைட் நடத்துனவரு. அவருக்கே 2014ல ஆயுள் தண்டனை. பேசுறவரை உள்ள வச்சிட்டா மிச்சம் என்னங்க இருக்கு?