பசுவின் கொழுப்பில் தங்கிய டீல்ட்ரின்: தீவனத்தைக் குறைக்கலாமா?

எங்கள் கறவைப் பசு சில மாதங்களுக்கு முன் டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லியில் விதைநேர்த்தி செய்த பழைய தானியத்தைத் தின்றுவிட்டது. நடுக்கமோ வலிப்போ இல்லை. ஆனால் பால் கொழுப்பில் அந்த நஞ்சின் எச்சம் இன்னும் வரம்புக்கு மேல்தான், அதனால் பாலை யாருக்கும் கொடுப்பதில்லை.

தீவனத்தை மாற்றினோம், கரித்தூள் கொடுத்தோம், பெரிய பலனில்லை. அப்புறம் உடல் கொழுப்பு கரைந்தால் நஞ்சும் போகும் என்று தீவனத்தைக் குறைத்தோம். எச்சம் ஏறிவிட்டது! கொழுப்பு கரையும்போது நஞ்சு இரத்தத்துக்கு வரும், மிஞ்சிய கொழுப்பிலும் செறிவு கூடும் என்பது புரிகிறது. உடல் கொழுப்பில் டி.டி.டி. பூச்சிக்கொல்லி சேர்ந்த எலிகளைப் பட்டினி போட்டபோது நடுக்கம் வந்ததாகப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. பசு சினையாக வேறு இருக்கிறது.

முழுத் தீவனம் கொடுத்து, கறந்து கறந்து எச்சத்தைப் பால் வழியாகவே மெல்ல வெளியேற்றுவதுதான் பாதுகாப்பான வழியா?