ரோபோ தலை சாய்ந்த நொடி

ஒரு தாய், மதுரை அண்ணா நகர்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பயிற்சி வகுப்பில், அவர்கள் பார்த்துச் செய்வதற்காகக் கையசைத்துப் பேசிக் காட்டும் சிறிய மனித உருவ ரோபோ நாவோ (NAO). ஆட்டிசம் உள்ள, பேச்சு வராத என் ஆறு வயது மகன், தன் இடுப்பளவே உயரமுள்ள அந்த 58 சென்டிமீட்டர் பொம்மை கையைத் தூக்கினால் தானும் தூக்குவான். ஒரு நாள் பாட்டின் நடுவே பேட்டரி தீர்ந்து, அது குந்தி அமர்ந்து தலை தொங்கிவிட்டது. இவன் எழுந்து போய் ஒற்றை விரலால் அதன் முகவாயை மெல்ல உயர்த்தினான். விரலை எடுத்ததும் தலை மீண்டும் சாய்ந்தது. உடனே திரும்பி என் முகத்தைப் பார்த்தான், பிறகு ரோபோவை, மறுபடியும் என்னை. அவன் என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுவே முதல் முறை. நானோ, அழுதுவிடுவானே என்ற பயத்தில், சார்ஜர் கொண்டுவரும்படி தெரபிஸ்டைக் கூப்பிடத் திரும்பிவிட்டேன். மறுபடி பார்த்தபோது அவன் சுவரை நோக்கி விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு தந்தை, மேலூர்

சகோதரி மன்னிக்க வேண்டும். உங்கள் மகன் உங்களைப் பார்த்தது ரோபோ நின்றுபோனதால்தான். அது ஓடிக்கொண்டிருந்தவரை பார்க்கவில்லையே! என் மகள் ரோபோவுக்கு மட்டும், அதன் தட்டையான குரலிலேயே, வணக்கம் சொல்வாள். பேத்தி வணக்கம் சொல்கிறாள் என்று கேள்விப்பட்டு ஊரிலிருந்து வந்த என் அப்பா, வாசலிலேயே அவளுக்கு முன் கைகூப்பி நின்றார். அவள் அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கூப்பிய கையை இறக்க வெகுநேரம் ஆயிற்று.

ஒரு சிறப்பாசிரியர், திருமங்கலம்

ரோபோ நூறாவது முறையும் அதே முகத்தோடு அதே சொல்லைச் சொல்வதால்தான் குழந்தைக்கு அதனிடம் அச்சமில்லை. அதனாலேயே அங்கே கற்றது மனிதரிடம் தானாக வந்துவிடுவதும் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள 12 குழந்தைகளின் வீடுகளில் ஒரு மாதம், நாள்தோறும் அரை மணி நேரம் ரோபோவோடு விளையாட்டு நடந்தது; வீட்டுப் பெரியவர் ஒருவரும் கூடவே அமர்ந்து விளையாடினார். ரோபோ இல்லாதபோதும், பெரியவர்களோடு சேர்ந்து ஒரே பொருளைக் கவனிக்கும் திறன் குழந்தைகளிடம் கூடியது. ஆகவே ஐயா, தாத்தாவை அடுத்த வகுப்புக்கு அழைத்துச் சென்று ரோபோவின் பக்கத்தில் உட்கார வையுங்கள். அது ஒரு முறை, அவர் ஒரு முறை என்று வணக்கம் சொல்லட்டும். சகோதரி, பிடித்த பொம்மையை வேண்டுமென்றே நிறுத்திவிட்டுக் குழந்தை கேட்கும்வரை காத்திருப்பது நாங்கள் வழக்கமாகச் செய்யும் பயிற்சிதான். அதற்கு ரோபோ வேண்டியதில்லை, சித்திரைத் திருவிழாக் கடையில் வாங்கிய சாவி பொம்மை போதும். அது நின்றதும் அவன் கண்மட்டத்தில் அமர்ந்து, மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். பேசாதீர்கள், கையையும் நீட்டாதீர்கள்.

அண்ணா நகர்த் தாய்

சாவி பொம்மை வாங்கிவிட்டேன். நேற்று மூன்று முறை நின்றது. இரண்டு முறை அவனே என் கையைப் பிடித்துச் சாவியின்மேல் வைத்தான். முகத்தை இன்னும் பார்க்கவில்லை.