டண்டீயில் இரண்டு இரவுகள்

சரவணன் (டர்பன்), மாலை 6.12
பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். ஜூலையில் நீங்கள் இங்கு வரும்போது, டிராகன்ஸ்பெர்க் மலைக்குப் போகும் வழியில், இங்கே தென்னாப்பிரிக்காவிலுள்ள டண்டீ ஊரை ஒரே பகலில் பார்த்துவிடலாம் என்று நிவேதா எழுதியிருந்தாள். ஒரு பகல் போதாது என்பது என் கருத்து. டர்பனிலிருந்து அந்த ஊருக்குக் காரில் போய்ச் சேரவே ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். சென்ற ஆண்டு நான் அப்படித்தான் அவசரமாகப் போனேன். பக்கத்திலுள்ள இசண்டில்வானா போர்க்களத்தை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டதால், கால் மணி நேரம் நின்றுவிட்டு மனக்குறையோடு திரும்பினேன். இந்த முறை அங்கேயே இரண்டு இரவுகள் தங்குவோம்.

நிவேதா, மாலை 6.20
அண்ணா, டண்டீ ஒரு சிறிய நிலக்கரிச் சுரங்க ஊர்தானே? நான் தேடிப் பார்த்தவரை சுற்றிலும் போர்க்களங்களாகவே இருக்கின்றன. இரண்டு நாளும் கல்லறைகளையே பார்த்துக்கொண்டிருந்தால் அத்தைக்குச் சலித்துவிடாதா?

சரவணன், மாலை 6.41
சலிக்காது, நிவேதா. ஊரின் விளிம்பிலேயே தலானா குன்றும், அதன் அடிவாரத்தில் ஓர் அருங்காட்சியகமும் இருக்கின்றன. 1899 அக்டோபர் 20 அன்று ஆங்கிலேயருக்கும், டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களுக்கும் நடந்த போரின் முதல் பெரிய சண்டை அந்தக் குன்றில்தான் நடந்தது. ஆங்கிலேயத் தளபதி பென் சைமன்ஸ் அதில் படுகாயமுற்று, சில நாள்களில் இறந்தார். ஆனால், அருங்காட்சியகம் போரோடு நின்றுவிடவில்லை. நிலக்கரி வெட்டிய தொழிலும் கண்ணாடி செய்த தொழிலும் அங்கே விரிவாகக் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. வளாகம் மரநிழலோடு பரந்து கிடப்பதால், அத்தை அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

பெரியப்பா, இரவு 7.05
சரவணா, நிலக்கரி என்று நீ எழுதியதும் எனக்கு 1913 நினைவுக்கு வந்துவிட்டது. ஒப்பந்தக் கூலிகளாகப் போய், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அங்கேயே தங்கிய நம் மக்கள்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதித்திருந்தார்கள் அல்லவா? அதை எதிர்த்து, பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், டண்டீக்கு வடக்கே உள்ள நியூகாசிலுக்குப் போய்ச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். வேலைநிறுத்தம் அங்கிருந்துதான் பற்றிப் பரவியது. நவம்பர் 6 அன்று காந்தியின் தலைமையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் டிரான்ஸ்வால் எல்லையைக் கால்நடையாகக் கடந்தார்கள். ஐந்து நாள் கழித்து, நவம்பர் 11 அன்று, காந்தியை விசாரித்து ஒன்பது மாதக் கடுங்காவல் விதித்தது இந்த டண்டீ ஊரின் நீதிமன்றம்தான். அந்த ஊரில் நான் ஒரு முறையாவது கால்வைக்க வேண்டும்.

நிவேதா, இரவு 7.09
தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்றது இந்தப் போராட்டத்தில்தானா, பெரியப்பா?

பெரியப்பா, இரவு 7.16
இதே போராட்டத்தில்தான் அம்மா. மாரிட்ஸ்பர்க் சிறையில் உடல் நலிந்து வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்துபோனாள். அந்த வரி அதே ஆண்டில் நீக்கப்பட்டது.

சரவணன், இரவு 7.38
பெரியப்பா, அப்படியானால் முதல் நாளைத் தலானாவுக்கே கொடுத்துவிடுவோம். இரண்டாம் நாள் விடிந்ததும் இசண்டில்வானாவுக்குப் புறப்பட வேண்டும். 1879 ஜனவரி 22 அன்று, அந்த மண்ணின் மக்களான சூலு இனத்தின் ஏறக்குறைய இருபதாயிரம் வீரர்கள் காளையின் கொம்புகளைப்போல் இரு பக்கமும் வளைத்துச் சென்று, அந்த மலையடியில் ஆங்கிலேயப் பாசறையை அழித்தார்கள். ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இறந்தவர்களைப் புதைத்த இடங்களில் கற்களைக் குவித்து வெள்ளையடித்திருக்கிறார்கள். புல்வெளி முழுவதும் அந்த வெள்ளைக் குவியல்கள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் தனித்தும் கிடப்பதைப் பார்த்தாலே, வீரர்கள் எங்கே அணிவகுத்து நின்றார்கள், எங்கே சிதறி ஓடினார்கள் என்பது புரிந்துவிடும். நான் ஒரு கல்லைத் தொட்டபோது, சுண்ணாம்பு திருநீறுபோல் விரலில் ஒட்டிக்கொண்டது. சூலு வீரர்களின் நினைவாக, வீரத்துக்கு அணிவிக்கப்படும் கழுத்துமாலையின் வடிவத்தில் பெரிய வெண்கலச் சின்னம் ஒன்றும் அங்கே இருக்கிறது. உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அவசியம் அழைத்துக்கொள்வோம். வென்றவர்களின் வழித்தோன்றல் வாயால் அந்தக் கதையைக் கேட்பது வேறு அனுபவம்.

அத்தை, இரவு 7.50
கேட்கவே நெஞ்சு கனக்கிறது, சரவணா. என் முழங்கால் வலியோடு மலை ஏற வேண்டியிருக்குமா? ஜூலையில் குளிர் எப்படி இருக்கும்?

சரவணன், இரவு 8.02
மலை ஏற வேண்டாம், அத்தை. அடிவாரத்தில் நின்றாலே எல்லாம் தெரியும். ஜூலையில் மழை பெய்வது அரிது, பகலில் இதமான வெயில் இருக்கும். ஆனால், விடியற்காலையில் புல்மேல் உறைபனி படியும் அளவுக்குக் குளிரும் என்பதால் கம்பளிச் சட்டையும் காலுறையும் எடுத்து வாருங்கள். அங்கிருந்து ரோர்க்ஸ் டிரிஃப்டுக்குப் போவோம். அங்கே அதே நாளில் ஆங்கிலேயருக்கும் சூலு வீரர்களுக்கும் சண்டை நடந்த இடம் மட்டுமன்றி, 1960-களில் ஸ்வீடன் நாட்டவர் தொடங்கிய கைவினை மையமும் இருக்கிறது. பெண்கள் தறியில் கம்பளி நூலால் படங்களையே நெய்வார்கள். உங்களுக்கு மிகவும் பிடிக்கும்.

நிவேதா, இரவு 8.06
போயர்களும் சூலு வீரர்களும் மோதிய பிளட் ரிவர் போர்க்களத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா, அண்ணா? வெண்கலத்தில் 64 வண்டிகளை வட்டமாக நிறுத்தியிருக்கும் படத்தைப் பார்த்தேன்.

சரவணன், இரவு 8.15
மூன்றாம் நாள் காலையில் சேர்த்துக்கொள்வோம். ஆனால், ஆற்றின் மறுகரையில் சூலு மக்களின் பார்வையில் அமைந்த இன்கோமே அருங்காட்சியகத்தையும் பார்த்தால்தான் 1838-இல் நடந்தது முழுமையாக விளங்கும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: கிராமச் சாலைகளில் மாடுகள் குறுக்கே வரும், சில பகுதிகள் மண்சாலை; ஆகவே, இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும்.

அத்தை, இரவு 8.21
சரி, சரவணா. தரைத்தளத்தில் அறை கிடைக்குமா என்று கேட்டுவிட்டு இரண்டு இரவுகளுக்கும் பதிவு செய்துவிடு. வழியில் சைவ உணவு கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. புளிக்காய்ச்சலை நான் இங்கிருந்தே எடுத்து வருகிறேன், சோறு மட்டும் நீ வடித்துவிடு.

பெரியப்பா, இரவு 8.24
அந்தப் பழைய நீதிமன்றம் எங்கே இருந்தது என்று தலானா அருங்காட்சியகத்தில் இப்போதே மின்னஞ்சலில் கேட்டு வை, சரவணா.