புதுப்பிப்பு: ஏ.சி.எல்.எஸ். முடிக்காமலே வேலை கிடைத்தது

பி.எஸ்சி. நர்சிங் முடித்த கையோடு பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி), ஏ.சி.எல்.எஸ். (இதயம் நின்றுபோனால் செய்யும் சிகிச்சைக்கான மேல்நிலைப் பயிற்சி) இரண்டையும் சொந்தக் காசில் முடித்துவிட்டு வேலை தேடலாமா என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். "முடித்துவிடு" என்று பாதிப் பேர், "பொறு" என்று மீதிப் பேர். கடைசியில் ஒருநாள் பி.எல்.எஸ். வகுப்பு மட்டும் போனேன்.

மதுரையில் மூன்று நேர்காணல். மூன்றிலும் முதலில் கேட்டது நர்சிங் கவுன்சில் பதிவைத்தான். ஏ.சி.எல்.எஸ். பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை!

இப்போது ஐ.சி.யூ.வில் இருக்கிறேன். ஆறு மாதம் போனால் ஏ.சி.எல்.எஸ்.ஸுக்கு அவர்களே அனுப்புவார்களாம் (பதிலுக்கு இத்தனை நாள் இங்கேயே வேலை பார்ப்பேன் என்று பாண்டில் கையெழுத்து கேட்பார்களோ என்னவோ). மானிட்டரில் ஓடும் இதயத் துடிப்பின் கோடுகளைப் படிக்கவே இப்போதுதான் பழகுகிறேன். அன்றே போயிருந்தால் பாதி புரிந்திருக்காது. முடித்ததும் தரும் ஏ.சி.எல்.எஸ். சான்று அட்டையும் 2 வருடம்தான் செல்லும், வேலை தேடியே அதில் பாதி கரைந்திருக்கும். வளைகுடா வேலைக்குப் போக நினைக்கும் அக்காக்களுக்கு அந்த அட்டை முன்பே தேவைப்படலாம், அவர்கள் கணக்கு வேறு, சரி.