அயர்லாந்தின் பழைய சுகாதார அமைச்சர் நோயல் பிரவுன் பெயரை முதலில் எங்கே கேட்டீர்கள்? (அனுபவப் பகிர்வு)

கால்வே நர்ஸ்:
2016-இல் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. முதியோர் வார்டில் 84 வயது அம்மா ஒருவருக்கு முதுகு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். தோள்பட்டை எலும்பை ஒட்டி வளைந்து இறங்கும் நீளமான தழும்பு. அதன்மேல் கை வைத்தால் விலா எலும்பு இருக்க வேண்டிய இடம் பள்ளமாக இருக்கிறது. விபத்தா என்று கேட்டேன். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்திவிட்டு வந்த பிறகுதான், மெல்ல, "டிபி" என்றார். காசநோய்; அந்தக் காலத்தில் அதற்கு விலா எலும்பை எடுத்து அறுவை செய்வார்கள். அக்காவை அதே நோய்க்குப் பறிகொடுத்த வீடாம். இவருக்கு 17 வயதில் வந்தபோது சானடோரியத்தில், அதாவது டிபி ஆஸ்பத்திரியில், இடம் இல்லை, வீட்டிலேயே தனி அறையில் படுக்க வைத்திருக்கிறார்கள். "அப்புறம் நோயல் பிரவுன் வந்தார், எனக்குப் படுக்கை கிடைத்தது." இதை மட்டும் வராந்தா வரை கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். நோயின் பெயருக்குக் கதவைச் சாத்தியவர், அமைச்சர் பெயரை அப்படிச் சொன்னதுதான் எனக்குள் நிற்கிறது. அடுத்த ஷிஃப்டுக்குப் போனபோது அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

டப்ளின் அம்மா:
அக்கா, எனக்கும் ஒரு பாட்டியால்தான் தெரியும். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது டாக்டரிடம் இலவசப் பிரசவக் கவனிப்புத் திட்டப் படிவம் நிரப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன் புருஷன் சம்பளம் எவ்வளவு என்று யாராவது கேட்டார்களா?" இல்லை என்றேன். மறுபடியும் அதையே கேட்டார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. பிறகு தேடிப் படித்தபோதுதான் புரிந்தது, 1951-இல் ஒரு அரசாங்கமே அந்தக் கேள்வியில் ஆட்டம் கண்டிருக்கிறது. தாய்மாருக்கும் 16 வயது வரை பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வைத்தியம், அதுதான் பிரவுன் கேட்டது. கத்தோலிக்க ஆயர்கள் கூடாது என்றார்கள், டாக்டர்கள் சங்கமும் கூடாது என்றது. சொந்தக் கட்சித் தலைவர் மெக்பிரைடே ராஜினாமா கேட்டார். பிரவுன் விலகினார், கடிதங்கள் அத்தனையையும் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். அப்போது அவருக்கு 35 வயது. பாட்டியிடம் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், அதற்குள் நாங்கள் வீடு மாறிவிட்டோம்.

லிமெரிக்வாசி:
எல்லாரும் அவரைச் சாமி ஆக்கிவிடுகிறீர்கள். டிபி குறைந்ததற்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து அந்த நேரத்தில் வந்தது பெரிய காரணம். சானடோரியம் கட்டும் திட்டமும் அவர் அமைச்சராவதற்கு முன்பே தலைமை மருத்துவ ஆலோசகர் ஜேம்ஸ் டீனி போட்டு வைத்தது. என் அனுபவம் சின்னது. ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவரைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன், பேச்சுவாக்கில் பிரவுன் பெயரை எடுத்ததும் மனுஷன் டாஷ்போர்டைத் தட்டினார், "யாரோடும் ஒத்துப்போகத் தெரியாது!" என்று. யோசித்துப் பாருங்கள், எத்தனை கட்சி மாறினார்: கிளான் ன பொப்ளக்டா, ஃபியன்னா ஃபோல், சொந்தமாக ஒரு கட்சி, தொழிற்கட்சி, அப்புறம் இன்னொரு சோஷலிசக் கட்சி. ஆயர்களிடம் கொஞ்சம் இறங்கிப் பேசியிருந்தால் ஏழைத் தாய்மாருக்காவது அன்றே கிடைத்திருக்கும். 1953-இல் அடுத்த அரசாங்கம் வருமான வரம்பு வைத்துக் கொண்டுவந்ததே.

மேயோ வாசகன்:
சகோ, வருமான வரம்பு வைத்தால் ஏழை என்று சொல்லிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். அதைத்தான் அவர் வேண்டாம் என்றார். பிரவுனின் அப்பா டிபியில் போனார். அம்மா எங்கள் மேயோவின் பாலின்ரோப் ஊரில் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டுப் பிள்ளைகளோடு லண்டனுக்குக் கப்பலேறி, போன வேகத்தில் அவரும் இறந்துபோனார். பிரவுனுக்கும் அதே நோய் வந்தது. அவரிடம் போய் இறங்கிப் பேசு என்றால்? திட்டம் டீனியுடையதாகவே இருக்கட்டும், ஆஸ்பத்திரிகளுக்கான ஸ்வீப்ஸ்டேக் லாட்டரிப் பணத்தை வட்டிக்கு விட்டு வைக்காமல் மூலதனத்தையே எடுத்துக் கட்டடமாக்கியது யார்? தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குள் முதல் நாள் காலடி வைத்தவர், அன்றே அமைச்சர், வயது 32. கால்வே ஆயரைப் பார்க்கப் போனால் அவர் வெள்ளிப் பெட்டியை நீட்டி, இந்த சிகரெட் லண்டன் பாண்ட் தெருவில் எனக்கென்று செய்தது என்கிறார், இதைப் பிரவுன் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகத்தை நூலகத்தில் மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்த் திரும்பி வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் அட்டைப்படத்தைக் குப்புறத் திருப்பி வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே வெளியே போனார். கோபமா, வேறு ஏதாவதா, இன்றுவரை பிடிபடவில்லை.

கார்க் கேரர்:
எனக்குப் பெரிதாக அனுபவம் இல்லை, பாட்டி ஒருவர் பிரவுன் படத்தை அலமாரிக்குள் வைத்திருந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் டிபி பேச்சு வந்ததால் புதிதாகப் பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டிபி இருக்கிறதா என்று கையில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை, சின்ன வயதில் பிசிஜி என்ற டிபி தடுப்பூசி போட்டவர்களுக்கு வீங்கிக் காட்டலாம், உடனே பயந்து அழாதீர்கள், ரத்தப் பரிசோதனை இருக்கிறதா என்று கேளுங்கள், அது பிசிஜியால் மாறாது. கிருமி உடம்பில் உறங்கிக் கிடந்தால் அடுத்தவருக்குத் தொற்றாது. மாத்திரை கொடுத்தால் பாதியில் நிறுத்தாதீர்கள். இருமல் வாரக்கணக்கில் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஊரில் அம்மாவிடம் கேட்டு அனுப்பச் சொன்னால் போதும்.

கால்வே நர்ஸ்:
லிமெரிக்வாசி சொன்ன ஸ்ட்ரெப்டோமைசின் அந்த அம்மாவுக்கும் போட்டிருக்கிறார்கள். படுக்கை கிடைத்து உள்ளே போன பிறகுதான் ஊசியே, என்றார். இடது காது அப்போதே போய்விட்டதாம், அந்த மருந்து காதைக் கெடுக்கும். வயசுக் கோளாறு என்று நினைத்து நான் அத்தனை நாளும் அந்தப் பக்கமாகவே நின்று பேசிக்கொண்டிருந்தேன்.