1971 ‘கிறிஸ்துமஸ் கேரல்’ கார்ட்டூன்: நல்ல பிரதி எங்கே கிடைக்கும்?

எல்லோருக்கும் வணக்கம். சார்லஸ் டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதையை ரிச்சர்ட் வில்லியம்ஸ் 1971-இல் அனிமேஷன் படமாக எடுத்தார். ஏறக்குறைய 25 நிமிடம்தான். அதன் தெளிவான பிரதியைக் காசு கொடுத்து வாங்க எங்கே கிடைக்கும்?

இணையத்தில் என் கண்ணில் பட்டதெல்லாம் பழைய வீடியோ கேசட்டிலிருந்து எடுத்த மங்கலான பதிவுகள். கதையின் முதல் பதிப்புக்கு ஜான் லீச் வரைந்த ஓவியங்களின் சாயலில், கோடு கோடாக நிழல் போட்டுக் கையால் வரைந்த படம் இது. அந்தக் கோடுகள் தெரியாவிட்டால் பாதிப் படம் போச்சு. கதையின் நாயகனான கஞ்சன் ஸ்க்ரூஜுக்குக் குரல் கொடுத்தவர் அலஸ்டர் சிம். 1951-இல் வந்த திரைப்படத்திலும் அவர்தான் ஸ்க்ரூஜ். தொலைக்காட்சிக்காக எடுத்த படம், ஆனாலும் ஆஸ்கர் வாங்கிவிட்டது!

அப்புறம் ஒரு சந்தேகம். அக்கா பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டத்தான் கேட்கிறேன். சின்னவளுக்கு ஏழு வயது. ஸ்க்ரூஜின் செத்துப்போன கூட்டாளி மார்லியின் ஆவி தாடை தொங்க வாயைப் பிளக்கும் இடம் பெரியவர்களையே உலுக்கும். பயந்துவிடுவாளோ? டிஸ்னி 1983-இல் மிக்கி மௌஸை வைத்து எடுத்தது பயமில்லாதது, ஆனால் அதில் கதையின் இருட்டு குறைவு. 2009-இல் வந்த ஜிம் கேரி படம் எனக்கு ஒட்டவில்லை, ஒரே துரத்தல்.

சிறு பிள்ளைகளோடு 1971 படத்தைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். டிவிடியோ புளூ-ரேயோ, எதுவானாலும் சரி, இந்தியாவில் வாங்கிய பிளேயரில் ஓட வேண்டும்.