பத்தாம் வகுப்பு வரலாறு: அரையாண்டுக்குள் 6 முதல் 9 வரையிலான அலகுகளை முடிக்க வாரத் திட்டம் எப்படிப் போடுவது?

சுண்ணக்கட்டி (கேள்வி)
வணக்கம். பத்தாம் வகுப்பில் 42 பிள்ளைகள். வரலாற்றுக்கு வாரம் 3 பாடவேளைதான் ஒதுக்க முடிகிறது. காலாண்டு விடுமுறை முடிந்ததிலிருந்து அரையாண்டுத் தேர்வு வரை 10 வாரம். தொடக்ககாலக் கிளர்ச்சிகள் (6ஆம் அலகு) முதல் தமிழ்நாட்டில் விடுதலைப் போராட்டம் (9ஆம் அலகு) வரை முடிக்க வேண்டும். அலகுக்கு இரண்டரை வாரம் என்று சமமாகப் பிரித்தால் காந்திய காலகட்டம் அடங்கவில்லை. எழுத்துவேலையை எந்தக் கிழமை வாங்குவது? 42 நோட்டும் ஒரே நாளில் சேர்ந்தால் திருத்தி முடிவதில்லை.

பாடவேளை (பதில்)
அலகு, வாரம் என்று எண்ணாதீர்கள், பாடவேளையை எண்ணுங்கள். 10 வாரத்துக்கு 30 வருகிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை, தீபாவளி எல்லாம் இதற்குள்தான். 25க்கு மட்டும் திட்டமிடுங்கள்: 6ஆம் அலகுக்கு 6, 7க்கு 5, 8க்கு 8, 9க்கு 6. மிச்சம் 5ஐயும் கடைசியில் குவிக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக இடையிடையே காலியாக விடுங்கள். மழை விடுமுறை வந்தால் பாடம் அந்த இடத்துக்கு நகரும், வராவிட்டால் ஒரு மதிப்பெண் தேர்வு வைக்கலாம்.

நோட்டுக்கு: 14 பேராக மூன்று குழு. செவ்வாய், புதன், வியாழன் என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நாள். ஐந்து மதிப்பெண் விடை ஒன்றைத் திருத்த 3 நிமிடம் என்றால் 14 நோட்டுக்கு 42 நிமிடம், ஏறக்குறைய ஒரு ஓய்வுப் பாடவேளை. வெள்ளிக்கிழமை வாங்கவே வேண்டாம். திங்கள் காலை பாடக்குறிப்பில் தலைமையாசிரியர் கையெழுத்து வாங்கும் பரபரப்பில் அந்த நோட்டுகள் மேசையிலேயே கிடக்கும். தவறவிட்டவர்கள் அடுத்த வாரம் அதே கிழமை தரலாம், அதற்கு மேல் தவணை கிடையாது.

காலக்கோடு (பதில்)
6ஆம் அலகில் ஆளுக்கொரு பாடவேளை கொடுத்தால் 6 போதாது. பாளையக்காரர் முறையும் பூலித்தேவரும் ஒன்று, வேலு நாச்சியார், கோபால நாயக்கர் ஒன்று, கட்டபொம்மன் ஒன்று, மருது சகோதரர்கள் ஒன்று, தீரன் சின்னமலையும் வேலூர்ப் புரட்சியும் ஒன்று. ஆறாவது முழுக்கக் காலக்கோட்டுக்கு.

பிள்ளைகள் வழுக்குவது எப்போதும் ஒரே இடத்தில்தான். கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர், மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் 1801 அக்டோபர். மாதம் ஒன்றாக இருப்பதால் ஊரை மாற்றி எழுதிவிடுவார்கள். அதனால் ஆண்டோடு ஊரையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.

அளவு: ஓராண்டுக்கு 2 செ.மீ. 1798 தொடக்கம் முதல் 1806 முடிவு வரை 18 செ.மீ., நீள நோட்டைக் குறுக்காகத் திருப்பினால் தாராளம். 1 செ.மீ. எடுத்தால் 1801இல் நெரிசல். மருது சகோதரர்களின் திருச்சிராப்பள்ளி அறிக்கை ஜூன், தூக்கு அக்டோபர், 2 செ.மீ. அளவிலேயே இடைவெளி 7 மி.மீ.தான். ஒன்றைக் கோட்டுக்கு மேலும் மற்றதைக் கீழும் எழுத வேண்டும்.

வேதாரண்யம் (பதில்)
8ஐயும் 9ஐயும் சில இடங்களில் இணைத்து நடத்தலாம். தண்டி யாத்திரையைப் பாடமாக நடத்திய மறுநாளே வேதாரண்யத்தையும் நடத்தலாம். காந்தி 1930 மார்ச் 12 கிளம்பி ஏப்ரல் 6 உப்பெடுத்தார். ராஜாஜி ஏப்ரல் 13 திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குக் கிளம்பினார். தொடர்ச்சி தானாகப் புரியும், 9இல் ஒரு பாடவேளையும் மிச்சமாகும்.

காலக்கோடு (பதில்)
உப்புச் சத்தியாகிரகத்துக்கு மட்டும் சரி. முழு அலகையும் அப்படிக் கலந்தால், தமிழகத்தின் பங்கைக் கேட்கும் வினாவுக்கு உத்தரப் பிரதேசத்தில் நடந்த சௌரி சௌரா நிகழ்வையும் சேர்த்து எழுதுவார்கள். 9க்கு என்று தனிப் பக்கம் ஒதுக்கி, வேதாரண்யத்தையும் திருப்பூர் குமரனையும் (1932) அதில் மட்டும் எழுத வையுங்கள்.

சுண்ணக்கட்டி
மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: வியாழன் குழுவுக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கிடைக்கிறதே, மற்றவர்கள் கேட்பார்களே?

பாடவேளை (பதில்)
நியாயமாகவே கேட்பார்கள். வாரந்தோறும் சுழற்றுங்கள், இந்த வாரச் செவ்வாய்க் குழு அடுத்த வாரம் புதன். ஆனால் வினாவும் மூன்று குழுவுக்கும் வேறுவேறாக இருக்கட்டும். ஒரே வினா என்றால் செவ்வாய்க்கிழமை திருத்திய நோட்டு புதன்கிழமைக்குள் வகுப்பு முழுக்கச் சுற்றி வந்துவிடும்.